சரியாக்கித் தரும் கை

புதன்கிழமைகளில் பிரசீதா டீச்சர் படகிலிருந்து இறங்குவதற்கு முன்பே துறையில் பிள்ளைகள் காத்து நிற்பார்கள். மற்ற நாள்களில் அவளுக்கு வேறு வேறு பள்ளிக்கூடங்கள். ஓவிய டீச்சர் வேலை அப்படித்தான். ஒருத்தியைப் பல பள்ளிகளுக்குப் பங்குபோட்டு வைத்திருந்தார்கள். குட்டநாட்டின் உட்பகுதியில், ஒரு பக்கம் ஆறும் மற்றப் பக்கங்களில் வயலுமாகக் கிடந்த அந்தச் சின்னத் தொடக்கப்பள்ளிக்குப் புதன்கிழமை விழுந்திருந்தது.

பையை மேசையில் வைக்க விடமாட்டார்கள். போன வாரம் வரைந்ததையும் வீட்டில் வரைந்ததையும் தூக்கிக்கொண்டு வரிசை கட்டிவிடுவார்கள். எல்லாருக்கும் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"டீச்சர், இதக் கொஞ்சம் சரியாக்கிக் குடுங்க."

பிரசீதா தாளை வாங்கி மடியில் வைத்து ஒரு நொடி பார்ப்பாள். பிறகு பென்சிலை எடுத்து ஒரு கோடு போடுவாள். உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்ததுபோல் இருந்த வாத்துக்கு அந்த ஒரே கோட்டில் கழுத்து வளைந்துவிடும். நட்ட கம்பாக நின்ற தென்னை காற்றில் சாயும். சுற்றி நிற்கிற பிள்ளைகள் மூச்சை உள்ளே இழுப்பார்கள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மாவேலிக்கரையில் முறையாக ஓவியம் படித்தவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு தனக்கென்று ஒரு படமும் வரையவில்லை. வரையாதே என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. விடிந்தால் படகு, அந்தி சாய்ந்தால் பஸ், நடுவே ஒரு குழந்தை, மூட்டுவலிக்கார மாமியார் என்று நாள் தானாகவே கரைந்துபோனது. வண்ணப் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது. பிள்ளைகளின் தாளில் போடுகிற அந்த ஒற்றைக் கோடுதான் அவள் வாரம் முழுக்க வரைந்த படம்.

அந்தப் பள்ளியில் அவளுக்குச் செல்லப் பிள்ளை டெல்னா. மூன்றாம் வகுப்பு. அப்பா டோமிச்சன் வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர். அம்மா ஜின்ஸி தினமும் படகேறி ஆலப்புழைக்குப் போய்த் துணிக்கடையில் நிற்கிறவள். டெல்னா பேச்சு குறைந்த பெண். வரிசையில் முந்தமாட்டாள், கடைசியில் நின்று, தாளை நீட்டி, டீச்சரின் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருஷம் ஆற்றுநீரைத் தடுக்கும் வெளிக்கரை உடைந்து ஊரெல்லாம் தண்ணீர் நின்றபோது, வட்டாரக் கலைவிழாவை நடத்த முடியாமல், படங்களை அனுப்பினால் போதும் என்றார்கள். டெல்னா வரைந்த வெள்ளக் காட்சிக்கு முதல் பரிசு கிடைத்தது. தலைமை ஆசிரியை ஏலியாம்மா டீச்சர் பிள்ளைகள் எல்லாருக்கும் பாயசம் வைக்கச் சொன்னார். ஜின்ஸி சான்றிதழைச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

இந்த வருஷம் கரை உடையவில்லை. விழா ஆலப்புழையில், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நடந்தது. பிள்ளைகள் மண்டபத்துக்குள் உட்கார்ந்து அங்கேயே வரைய வேண்டும். ஜின்ஸி கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவித்த நேந்திரம்பழத்தை வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தலைப்பைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். படகுத்துறை. ஜன்னல் வழியாக அதைப் படித்ததும் பிரசீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம பொண்ணுக்கு வீட்டு வாசலையே குடுத்துட்டாங்க" என்றாள் ஜின்ஸியிடம். இருவரும் மாமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள்.

சிறிது நேரம் கழித்துப் பிரசீதா ஜன்னலோரம் போய் எட்டிப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். டெல்னாவின் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. யோசிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பி வந்தாள். மறுபடி போய்ப் பார்த்தபோதும் அப்படியே இருந்தாள். இந்தத் தடவை அவள் பார்வை எங்கே போகிறது என்று பிரசீதா கவனித்தாள். வாசலுக்குப் போனது.

மணி அடித்தார்கள். கை முழுக்க வண்ணத்தோடு பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள். டெல்னா கடைசியாக வந்தாள். அவள் கை சுத்தமாக இருந்தது. பின்னாலேயே மேற்பார்வைக்கு இருந்த டீச்சர் தாளோடு வந்து, குழந்தைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார். தாளில் ஒரு தூண் இருந்தது. படகைக் கட்டுகிற தூண். அதை வரைந்து, அழித்து, அதே இடத்தில் திரும்ப வரைந்து, திரும்ப அழித்திருந்தாள். காகிதம் பஞ்சாகி நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

பிரசீதா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு மோளே?"

டெல்னா அழவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"முதல்ல தூண் போட்டேன். அது சரியா தப்பான்னு தெரியல. டீச்சர் வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க வரல."

திரும்பும் படகில் ஜின்ஸி மகளைத் திட்டவில்லை. பழத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், இதுக்கெல்லாம் மனசு விடக்கூடாது என்று டீச்சருக்கும் சேர்த்து ஆறுதல் சொன்னாள். பிரசீதாவுக்கு அந்த ஆறுதலை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் வேறொரு பள்ளி. அங்கும் அதே வரிசை. முதலில் நின்றவன் நீட்டிய தாளில் ஒரு மீன். உடம்புக்கு வால் போதாது. அவள் கை தானாகவே பென்சிலை எடுத்துவிட்டது. தாளில் வைக்கப் போகும்போது நிமிர்ந்து பார்த்தாள். அவன் தன் மீனைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நின்ற எல்லாரும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை வருஷமாக இது இப்படி நடக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். தலை வலிக்கிறது என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

அடுத்த புதன்கிழமை அவள் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்துச் சொன்னாள். இனிமேல் யார் தாளிலும் நான் பென்சில் வைக்கமாட்டேன். எப்படிப் பார்ப்பது, எப்படிக் கோடு இழுப்பது என்று சொல்லித் தருவேன். போடுவது நீங்கள்தான்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்க என்ன தப்பு பண்ணோம் என்று கேட்டது ஒரு குரல்.

முதலிலிருந்து தொடங்கினாள். சமையல்காரத் தங்கம்மாவிடம் அடுப்புக்கரி வாங்கி வந்து, பழைய செய்தித்தாளை வராந்தா நெடுக விரித்தாள். பென்சிலைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்காதீர்கள், வாலைப் பிடியுங்கள் என்றாள். விரலை மட்டும் அசைக்காமல் தோளிலிருந்து இழுக்கச் சொன்னாள். நீளக் கோடு, வளைந்த கோடு, அழுத்திய கோடு, தொட்டும் தொடாத கோடு. ரப்பர்களெல்லாம் பைக்குள் போயின. தப்பாகிவிட்டால் அது இருக்கட்டும், பக்கத்திலேயே இன்னொன்று போடு என்றாள். அதன் பிறகு ஒரு பொருளைக் காட்டி, அதன் ஓரமாக ஓர் எறும்பு நடக்கிறது, உன் கண் அந்த எறும்புக்குப் பின்னாலேயே போகட்டும், கை கண்ணுக்குப் பின்னால் போகட்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். எறும்பு வழியில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு நாலாம் வகுப்புப் பையன் கேட்டான். போகலாம் என்றாள்.

வராந்தாவும் சட்டைகளும் கறுப்பாயின. படங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்ததை எல்லாம் ஏலியாம்மா டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பிரசீதா, கை கிய் வலிக்குதா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப யார்கூடயாவது சண்டையா? சொல்லு. அதிகாரிங்க வந்து இதப் பாத்தா நான் என்ன சொல்றது? இது வாத்தா, சேனைக்கிழங்கா?"

நாலாம் வகுப்பு ஆசிரியர் வேணு மாஷ் பக்கத்து அறையிலிருந்தே பதில் சொன்னார். "டீச்சரோட கைக்கு நோன்பு. ஈஸ்டர் வரைக்கும் எதயும் தொடாது."

பிரசீதா சிரித்துச் சமாளித்தாள். ஆனால் பிள்ளைகள் மெல்லத் தேறிக்கொண்டிருந்ததை அவள் மட்டும் கண்டாள். முன்பெல்லாம் யார் படகு வரைந்தாலும் அது ஒரே படகுதான். இப்போது ஒவ்வொருவனுடைய படகும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டு நின்றது.

டெல்னா மட்டும் வரையவே இல்லை. கரியைத் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். பிரசீதா பக்கத்தில் போய்க் கேட்டால் இன்றைக்கு வேண்டாம் டீச்சர் என்பாள், அவ்வளவு மரியாதையாக. அந்த மரியாதைதான் பிரசீதாவைக் குத்தியது.

ஒரு புதன்கிழமை ஜின்ஸி கடைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தாள். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். மகள் வீட்டிலும் வரைவதை நிறுத்திவிட்டாள் என்றாள். முன்பெல்லாம் காலண்டர் தாள், சோப்பு அட்டை, மோட்டார் கொட்டகைச் சுவர் என்று ஒன்றையும் விட்டதில்லை. இப்போது பள்ளி விட்டு வந்தால் சும்மா உட்கார்ந்து கூரையைப் பார்க்கிறாள்.

பிரசீதாவுக்கு அதற்கு மேல் மறைத்து வைக்க முடியவில்லை. "போன வருஷம் பரிசு வாங்கின படத்துல பாதி என் கைதான் ஜின்ஸி. தண்ணியில சாஞ்ச தென்னை, கூரைமேல உக்காந்த ஆளு, எல்லாம் நான்தான் சரி பண்ணேன்."

ஜின்ஸி விரலில் சுற்றியிருந்த தலைப்பைப் பிரித்து விட்டாள்.

"தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"அவ கோடு எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேருந்து பாக்கறேன். அந்தத் தென்னை அவ போட்டதில்ல. நான் அதத் தப்பா எடுத்துக்கல. எழுத்துக்கு இருத்துறப்ப அரிசியில கையப் புடிச்சு எழுத வெக்கிறாங்கள்ல, அந்த மாதிரின்னு நெனச்சேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. டீச்சருக்காகப் பரிந்துதான் சொன்னாள். ஆனாலும் பிரசீதாவுக்குத் தன் மகனின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்த காலை நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு நாள். அதன் பிறகு அவன் கையை யாரும் பிடிக்கவில்லை. தாறுமாறாகக் கிறுக்கித்தான் எழுதக் கற்றான்.

"அவள எதுவும் சொல்லாதீங்க," என்றாள் பிரசீதா. "வரையச் சொல்லிக் கேக்கவும் வேணாம். நான் பாக்கறேன்."

பார்க்கிறேன் என்று சொன்னாளே தவிர, எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

அந்த வாரத்துக்குப் பிறகு துலாமழை, ஐப்பசி அடைமழை, பிடித்துக்கொண்டது. புதனன்று அவள் வந்து சேர்ந்தபோது வராந்தாவில் ஏலியாம்மா டீச்சரின் குடை விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தது. பழைய, பெரிய கறுப்புக் குடை. பிரசீதா அதை எடுத்து வகுப்பு நடுவில் சாய்த்து வைத்தாள். இன்றைக்கு இதுதான் என்றாள். பிள்ளைகள் குடையைச் சுற்றிக் குப்புற விழுந்தார்கள். வழக்கமாக அவள் எழுந்து நடந்து ஒவ்வொருவராகப் பார்ப்பாள். அன்று நிற்கக் கால் வலித்ததோ என்னவோ, தானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டெல்னாவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் ஒரு முழுப் படம் போட உட்கார்ந்தாள். முதல் கம்பி சரியாக வந்தது. இரண்டாவது கம்பி எங்கிருந்து வளைகிறது என்று பிடிபடவில்லை. துணி ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் நடுவே தொய்கிற இடத்தில் கை தடுமாறியது. ரப்பரை எடுக்கக்கூடாது என்று தானே சட்டம் போட்டிருந்ததால் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள். அதுவும் கோணியது. நெற்றி வியர்த்தது. அவள் சுற்றியிருந்தவர்களை மறந்துபோனாள்.

தலை நிமிர்ந்தபோது பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து அவளைச் சுற்றி நின்றார்கள்.

"டீச்சர், இது குடையா?" என்றான் நாலாம் வகுப்புப் பையன்.

"குடைதான்."

"காத்துல திரும்பிக்கிட்ட குடை."

வகுப்பே சிரித்தது. பிரசீதாவும் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். உண்மையிலேயே மோசமான குடை.

டெல்னா சிரிக்கவில்லை. குடையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "இந்தப் பக்கம் சப்பையா இருக்கு டீச்சர்," என்றாள். விரல் தாளைத் தொடாமல் மேலே நின்றது.

"எனக்கும் தெரியுது. எப்படிச் சரி பண்றதுன்னுதான் தெரியல," என்றாள் பிரசீதா. பென்சிலை நீட்டினாள். "நீ போட்டுக் காட்டறியா?"

டெல்னா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அது டீச்சரோட படம். நான் தொட்டா அப்புறம் அது உங்களோடதா இருக்காது."

சொல்லிவிட்டு அவளே தயங்கினாள், அதிகமாகப் பேசிவிட்டோமோ என்பதுபோல். பிரசீதா தன் தாளுக்குத் திரும்பி, அடுத்த கம்பியைப் போட்டாள். சற்று நேரம் கழித்துப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எனக்கு ஒரு தாள் வேணும்."

பிரசீதா திரும்பிப் பார்க்காமலே தாளை நகர்த்திக் கொடுத்தாள். அன்று பள்ளி விடும்வரை இருவரும் ஆளுக்கொரு குடை போட்டார்கள். ஏலியாம்மா டீச்சர் வாசலில் வந்து நின்று, மழை வருது, படகு வருது, என் குடைய எப்பத்தான் தருவீங்க என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்க டீச்சர், இன்னும் கைப்பிடி போடல என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டெல்னா தாளை எடுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில், டீச்சர் முன்னால் வந்து நீட்டினாள். குடை ஒரு பக்கம் ஊதியிருந்தது, மறு பக்கம் கம்பிகள் எண்ணிக்கையில் குறைந்தன. டீச்சர் ஒரு கோடு போட்டால் குடை சரியாக நின்றுவிடும். பிரசீதாவின் விரல்கள் துறுதுறுத்தன. அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"இதுல உனக்கு எந்த இடம் புடிச்சிருக்கு?"

டெல்னா யோசித்தாள். இதற்கு முன் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கைப்பிடியின் வளைவைக் காட்டினாள்.

"எனக்கும் அதுதான். மத்தது?"

"மத்தது சரியில்ல." தாளை அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள். "அடுத்த வாரம் வேற போடறேன்."

அடுத்த வாரம் போட்டாள். அதற்கடுத்த வாரமும் போட்டாள். ஒரேயடியாக மாறிவிடவில்லை. சில நாள் தாளைப் பாதியில் கசக்கிப் போட்டாள். ஒரு நாள் ரப்பரை ஒளித்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டாள். ஆனால் வாசலைப் பார்ப்பது நின்றுவிட்டது.

பிரசீதாவும் ஆலப்புழைக் கடையில் பள்ளிக்குத் தாள் வாங்கப்போன இடத்தில் தனக்கென்று நல்ல கெட்டித் தாள் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை மேசையில் அதை விரித்தபோது, என்ன விசேஷம் என்று புருஷன் கேட்டார். ஒன்றுமில்லை, வரையப்போகிறேன் என்றாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு அவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். பாதி வண்ணங்கள் காய்ந்து கல்லாகியிருந்தன. இருந்ததை வைத்துப் போட்டாள்.

மார்ச்சில், பள்ளி மூடுவதற்கு முந்தைய வாரம், படங்களை எல்லாம் சுவர் முழுக்க ஒட்டிப் பெற்றோர்களை அழைத்தார்கள். ஏலியாம்மா டீச்சருக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் வந்தவர்கள் சுவரை விட்டு நகரவில்லை. முன்பெல்லாம் பார்த்தவுடன் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இப்போது இது யாரு, இது நம்ம மாடா, இதென்ன இவன் எனக்கு மூணு கால் போட்டிருக்கான் என்று சண்டையும் சிரிப்புமாக நின்றார்கள். வேணு மாஷ் தன்னை வரைந்திருந்த படத்தின் முன் நின்று, வயிறு இவ்வளவா இருக்கு என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

ஜின்ஸி சுவர் நெடுகத் தேடிவிட்டு, எங்கடி உன் படம் என்று கேட்டாள். டெல்னா கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டது. படகு பெஞ்சில் சாய்ந்து ஒரு பெண் தூங்குகிறாள். மடியில் பை. தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடக்கிறது. வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. கை ஒன்று கொஞ்சம் நீளம், பெஞ்சு சரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் களைப்பு அப்படியே இருந்தது. பார்த்தவர்கள் யாரும் இது யார் என்று கேட்கவில்லை.

ஜின்ஸி முகம் சிவந்து நின்றாள். பிறகு தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாய மூடியிருக்கக் கூடாதாடி?"

"நீ மூடலையேம்மா."

"இத அப்பாகிட்டக் காட்டிடாத."

"அப்பா காலையிலேயே வந்து பாத்துட்டுப் போயிட்டார். ரெண்டு தடவ பாத்தார்."

ஜின்ஸி சுற்றுமுற்றும் பார்த்து, பின்னால் நின்ற பிரசீதாவைக் கண்டதும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர், அந்த வாய மட்டும் ஒரு கோடு போட்டுக் கொஞ்சம் மூடிவிட முடியாதா?"

"அவகிட்டக் கேளுங்க," என்றாள் பிரசீதா. "படம் அவளோடது."

ஜின்ஸி மகளைப் பார்த்தாள். டெல்னா படத்துக்கு முன்னால் போய், முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.